முட்டைக்கோதுத் தூள்

"நீ அரைச்சுக் குடுத்த அந்தத் தூள்தான்..."

"மச்சாள், எலும்புக்குக் கல்சியம் வேணுமெண்டு டொக்டர்தான்..."

"கல்சியம் எண்டுதான் சொன்னவர். கொத்துக்கடைக் குப்பையை அரைச்சுக் குடு எண்டு சொன்னவரே?"

"குப்பை இல்லை. அவிச்சு, காயவைச்சு, இடிச்சு..."

"மனுசனுக்கு மூத்திரம் ஏன் நிண்டது? சொல்லு பாப்பம். எங்கட ஆக்களில ஆருக்கு கிட்னி வருத்தம் இருந்தது?"

சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் எல்சி, அந்தப் பக்கம் மச்சாள் ரோசலின். நடுவில் கிறிஸ்தோபர், கையுறை போட்ட விரல்களில் செபமாலை சுற்றியபடி, உயிரோடு இருந்த காலத்தில் எப்படியோ அப்படியே, மனைவிக்கும் தமக்கைக்கும் இடையில் வாய் திறக்காமல் கிடந்தார்.

வாசலில் யாரோ செருப்புக் கழற்றினார்கள். ரோசலின் உடனே லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு, "என்ர தம்பி, இப்பிடிக் கிடக்கிறியே" என்று அழத் தொடங்கினாள். எல்சிக்கு அழுகை வரவில்லை. மச்சாள் கேட்ட கேள்வியைத்தான் விடியற்காலையிலிருந்து அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்தோபர் துறைமுகத்தில் பாரம் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாரி மழைக்குக் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு வெடித்துவிட்டது. கட்டிலை யன்னலோரம் போட்டு, துறைமுகத்தின் ஒரு துண்டாவது கண்ணில் படும்படி கிடத்தினாள். கிளினிக்கில் கல்சியக் குளிசை முடிந்துவிட்டது, பிறகு வாங்கோ என்றார்கள். பிறகு போனாள், பிறகும் இல்லை. கோதுத் தூளின் யோசனை அப்போதுதான் வந்தது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அவள் எப்போதும் போடுவதுதானே. செடிக்குச் சத்து என்றால் மனிதனுக்கு மட்டும் நஞ்சாகவா போகும்? லாபிரின் கொத்துரொட்டிக் கடையிலிருந்து ஒரு வாளி முட்டைக்கோது வரும். குறுணல் தோட்டத்துக்கு, அரித்தெடுத்த தூள் அவருக்கு. விழுந்த பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையும் மாலையும் சிவப்பரிசிக் கஞ்சிதான். அதில் ஒரு கரண்டி.

முதல் நாள் மட்டும், "பல்லில நறநறக்குது, எல்சி" என்றார்.

பழைய நைலெக்ஸ் சேலையைக் கிழித்து அதிலே மறுபடி அரித்தாள். முகத்துக்குப் பூசும் பவுடர் மாதிரி வந்தது.

"இப்ப எப்பிடி?"

"இப்ப பறவாயில்லை."

அதன் பிறகு ஒரு குறை இல்லை. கஞ்சியை யன்னல் விளிம்பில் ஆற வைத்துவிட்டுக் கோழிக்குத் தீன் போடப் போவாள். திரும்பி வரும்போது கோப்பை வழித்துத் துடைத்த மாதிரி இருக்கும். ஆனாலும் ஆள் மெலிந்துகொண்டே போனார். அதைக் கண்டு ஒரு கரண்டியை இரண்டாக்கினாள். இதை ரோசலினுக்கு அவள் சொல்லவில்லை.

உள்ளே வந்தவன் லாபிர். பெட்டியருகே கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றான். ஒரு கையில் தேத்தண்ணிப் பிளாஸ்க். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தான்.

"எல்சியக்கா, குறை நினைக்காதீங்க. காலையில ஒதுக்கி வெச்சிட்டுத்தான் செய்தி கேட்டன். கை பழக்கத்தில தூக்கிட்டு வந்திட்டன்."

கோது வாளி.

"கொண்டு வா, கொண்டு வா" என்றாள் ரோசலின், அழுகையை நிறுத்தி. "இன்னும் ஆரைக் கொல்லக் கிடக்கு?"

லாபிரின் முகம் செத்துப்போயிற்று. எல்சி வாளியை வாங்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்புறம் நடந்தாள்.

அவருடைய அறை யன்னலுக்குக் கீழே ஒரு தேசிக்கன்று நிற்கிறது. நட்ட நாள் முதல் நோஞ்சான். அதன் பக்கம் அவள் போய் எத்தனையோ நாளாயிற்று. இப்போது அது கரும்பச்சையாய்த் தழைத்து, யன்னல் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஒரு கொப்பை நீட்டிக்கொண்டு நின்றது. கொப்பு நிறையப் பூ. அடியில் மண் வெள்ளையாய்ப் பாளம் கட்டிக் கிடந்தது.

குறுணலாக்கும் என்று குனிந்து கிள்ளிப் பார்த்தாள். விரல்களுக்கிடையில் பவுடராய் வழுக்கியது. நைலெக்ஸில் அரித்த தூள். அதற்குள் காய்ந்த சிவப்பரிசிப் பருக்கைகள். எறும்புகள் அவற்றை இழுத்துக்கொண்டிருந்தன. சுவரில் யன்னல் விளிம்பிலிருந்து கீழ்வரைக்கும் கஞ்சி வழிந்த கோடுகள், ஒன்றின்மேல் ஒன்றாய்.

வாளியை அப்படியே வைத்துவிட்டாள்.

மச்சாளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து காட்டலாம். பாருங்கோ, உங்கட தம்பியின்ர வயித்துக்குள்ள என்ர தூள் போகவேயில்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்ப என்னதான் போனது என்று ரோசலின் கேட்பாள்.

உள்ளே செபமாலை தொடங்கியிருந்தது. எல்சி போய்ப் பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் தாராளமாய்ப் போகும் அளவுக்குச் சேட்டு தொளதொளத்தது. அதைச் சரிசெய்யப் போன கையை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

"எங்க போனனீ? கையெல்லாம் மண்" என்றாள் ரோசலின் மெதுவாக.

எல்சி அவருடைய காதோரம் குனிந்தாள்.

"இஞ்சேருங்கோ... அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் என்னத்தைத்தான் குடிச்சனீங்கள்?"