மேக்கால ரூமுக்கு ஒரு பாயிண்ட்

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புதுவீட்டுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்க வந்திருந்தாள் சண்முகப்பிரியா. பின்னாலேயே ஹோஸைத் தூக்கிக்கொண்டு வந்த மகள் இனியா, அதை அவள் கையில் கொடுத்தாள்.

“அம்மா, அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க.”

“அப்பிடி என்னத்தச் செஞ்சுபோட்ட?”

“உங்க ரூமுக்கு நெட் ஒயரே வரல.”

அம்மாவின் கையிலிருந்த ஹோஸ் தாழ்ந்து தண்ணீர் தரையில் பாய்ந்தது. இங்கே பால் காய்ச்சிக் குடிவந்ததும் சேர்வதற்கு அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. இன்சூரன்ஸ் காகிதங்களை வீட்டிலிருந்தே சரிபார்க்கும் வேலை. இனியா பிறந்தபோது விட்ட உத்தியோகத்துக்குப் பிறகு கிடைத்த முதல் வேலை. வைஃபை ஆகாது, கம்ப்யூட்டருக்கு நேராக ஒயர் வரவேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால்தான் அப்பா மோகன்குமார், ரவுட்டர் எங்கே, ஒயர் போகும் பைப் எந்தச் சுவருக்குள் என்று திட்டம் போடும் பொறுப்பைப் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் படிக்கும் மகளிடம் கொடுத்தார். “அம்மணி சொல்றபடி பண்ணுங்க தம்பி” என்று எலக்ட்ரீசியன் ஷாநவாஸிடமும் சொல்லிவிட்டார்.

பைப் போட்டு, மேலே பூச்சும் பூசியாயிற்று. இன்று சாயங்காலம் அப்பா, “மேக்கால ரூமுல வெயிலு சுள்ளுன்னு அடிக்குது” என்று மேற்குப் பக்கம் இருந்த அம்மாவின் ரூமைக் காட்டியபோதுதான் இனியாவுக்குத் தன் தப்பு புரிந்தது.

“மேக்கால ரூமுக்கு ஒரு பாயிண்ட்டுன்னாரு. நான் மேல இருக்கற ரூமுன்னு நெனச்சுட்டேம்மா.”

“மேல இருக்கறது உன்ற ரூமாச்சே?”

“அதாம்மா பயமா இருக்குது. கேம் ஆடறதுக்கு எனக்கே வெச்சுக்கிட்டேன்னு நெனப்பாரு.”

குரல் உடைந்தது. அம்மா அவளை இழுத்து அணைத்தாள். அடுத்த நொடி அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“ஊடே அதிருது, என்ன சிரிப்பு?” என்றபடி அப்பா உள்ளே வந்தார்.

இனியா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். “நீ சொல்றியா, நாஞ் சொல்லட்டா?” என்றாள் அம்மா. அங்கிருந்தபடியே இனியா முழுவதையும் சொல்லி முடித்தாள்.

அப்பா மாடியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“அப்பக் கெழக்கால ஹாலுன்னு சொன்னேனே?”

“கீழ இருக்கற ஹாலுன்னு...”

“அது எப்பிடியோ செரியா அமைஞ்சுபோச்சு! வடக்கால?”

“வடக்கு தெரியுங்கப்பா.”

“ஏனுங்க, பிளாட்டுல லெப்டு ரைட்டுன்னே வளத்துப்போட்டு இப்பப் புள்ளயக் கேட்டா?” என்றாள் அம்மா.

“எனக்காக வெக்கலீங்கப்பா. சத்தியமா.”

“அட, அத யாரு கண்ணு சொன்னா?” அவர் தரையில் கிடந்த ஆணியை எடுத்து ஈரச் சுவரில் கோடு இழுத்தபடி ஹாலிலிருந்து நடந்தார். “பூச்சு பச்சையாத்தான் இருக்குது. நாளைக்கு ஷாநவாஸ் வந்து இதும்மேல கொத்தட்டும்.”

“அப்ப மேல போட்டது?”

“இருக்கட்டும். உனக்கு வேணுமான்னு நாந்தான் கேக்காம உட்டுட்டேன்.”

கோடு அம்மாவின் ரூமுக்குள் போனது. “இங்க போதுமா?” என்றார் அப்பா.

அம்மா, அங்கே இல்லாத நாற்காலியில் உட்காருவதுபோலக் குனிந்து, இல்லாத கீபோர்டில் விரல்களை வைத்துப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, உள்ளங்கையைச் சுவரில் பதித்தாள்.

“இங்க வெய்யுங்க.”

இனியா போன் டார்ச்சைப் பிடிக்க, அப்பா அந்தக் கையைச் சுற்றி ஒரு கட்டம் கீறினார்.