கிழக்குப் பக்கத் திருத்தம்

கபாடிக் கிடங்கிலிருந்து வந்த சாமானை யாரும் நம்புவதில்லை, அதை ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வந்தவன் உட்பட. விச்சு செய்த தப்பு அவ்வளவுதான். மற்றபடி அவன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

புனேப் பக்கத்துப் போசரியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு கபாடிக் கிடங்கில் அந்த டிஷ் கிடந்தது. படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் கேரவன் ஒன்றின் கூரையிலிருந்து கழற்றியது. வீட்டு டிஷ் மாதிரி ஒரே இடத்தை முறைத்துக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை. வண்டி எங்கே போய் நின்றாலும், உள்ளே இருக்கும் மோட்டார்கள் திருப்பித் திருப்பி, தானே செயற்கைக்கோளைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். விச்சு ஐ.டி. கம்பெனிக்காரன். தலைக்கு மேலே கடந்து போகும் வானிலைச் செயற்கைக்கோள்களைத் துரத்தி, அவை அனுப்பும் மேகப் படங்களைப் பிடிப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. அதுவரை ஆன்டெனாவைக் கையில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் சுற்றிச் சுற்றி வந்தான். பார்த்த காக்காய்க்கே பாவமாக இருந்திருக்கும். மோட்டார் வைத்த டிஷ் கண்ணில் பட்டால் விடுவானா? மூடியைத் திறந்து, டி.வி. பெட்டிக்குப் போகிற சங்கதிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, மோட்டார்களை லேப்டாப்போடு இணைத்தான். அவன் சொன்ன பக்கம் அது திரும்பியது.

"சொன்ன பேச்சைக் கேக்கறது பாரு," என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டான்.

"நம்மாத்துல அது ஒண்ணாவது கேக்கட்டும்," என்றாள் ப்ரியம்வதா. அவள் பள்ளிக்கூடத்து டீச்சர்.

விஷ்ராந்த்வாடியில் நாலு மாடிக் கட்டடம். இவர்கள் இருப்பது மேல் மாடி. முதல் மாடியில் பட்டாபிராமன் மாமாவும் அபயாம்பாள் மாமியும். மாமா பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக்குச் செயலாளர். விச்சு வேலை கிடைத்துப் புனேவில் வந்து இறங்கிய புதிதில், மாமி கைச் சாப்பாட்டில்தான் ஆளானான். கல்யாணமானதும் மேல் வீட்டைப் பேசி முடித்துக் கொடுத்தவர் மாமா. பெற்றவர்கள் போய்விட்ட பையனுக்கு அவர்கள் இருவரும்தான் எல்லாம்.

செயற்கைக்கோளைத் துரத்துவதற்கு முன்னால் டிஷ்ஷுக்குத் திசை காட்ட வேண்டும். தென்கிழக்கில் ஒரு டி.வி. செயற்கைக்கோள் ஆணி அடித்த மாதிரி நகராமல் நிற்கிறது. ஞாயிறு காலையில் டிஷ்ஷை அதன் பக்கம் திருப்பி, சிக்னல் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பான் விச்சு. ஜூனில் டிஷ்ஷின் முகத்தைச் சற்று மேலே தூக்க வேண்டியிருந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். நகராதது நகர்ந்தால் கோளாறு பார்க்கிற கருவியில்தானே? கேரவனில் அடிபட்டு, அடித்தட்டு ஒரு பக்கம் தேய்ந்து, கிழக்கே உட்காருகிறது என்று முடிவு கட்டினான். ரசமட்டம் வைத்துப் பார்க்கலாமென்றால், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மொட்டைமாடியே வாட்டமாகத்தான் போட்டிருந்தது. எவ்வளவு தூக்க வேண்டுமோ அவ்வளவையும் லேப்டாப்பில் திருத்தமாகப் போட்டான். டிஷ் ஒழுங்காக வேலை செய்தது. "கோணல் டிஷ்தான், ஆனா நான் நிமித்திட்டேன்," என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

கிழக்கே அடுத்த மனையில் பழைய பங்களாவை இடித்துவிட்டு, இரண்டு அடுக்குக் கார் பார்க்கிங்குக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் வந்தும் நிறுத்தவில்லை. பம்புகள் சேற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்துத் தெருவில் விட்டன. அதே பில்டர் இவர்களுடைய கட்டடத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டித் தருவதாகப் பேச்சு. வீட்டுக்கு ஓர் அறை கூடுதலாகக் கிடைக்கும். யாருக்குக் கசக்கும்?

ப்ரியம்வதா வார்த்த இட்லி ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்தது. இட்லித் தட்டு நெளிந்துவிட்டது என்றாள். குளியலறைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் போய்த் தேங்கியது. பிளம்பருக்குத் திட்டு விழுந்தது. கீழே மாமி வாசல் கதவை இடுப்பால் முட்டிச் சாத்தினாள். மழைக்கு மரம் ஊறியிருக்கிறது என்றார் மாமா. எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு காரணம் தயாராக வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று மழை சற்று விட்டது. ப்ரியம்வதா துணி உலர்த்த மாடிக்கு வந்தபோது, விச்சு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உச்சுக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கும் தூக்கணுமா?"

"தூக்கணும். போன வாரத்தைவிட ஜாஸ்தி. அடித்தட்டு மொத்தமாப் போயிடுத்து போலிருக்கு."

"எப்பவும் ஒரே பக்கமாவா போறது?"

"ஆமா, கிழக்கே."

ப்ரியம்வதாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆளந்தி ரோட்டில் காய் விற்கிறவரின் தராசு மேல் சந்தேகம் வந்தால் சண்டைக்குப் போக மாட்டாள். எடைக்கல்லை அந்தத் தட்டிலும் காயை இந்தத் தட்டிலுமாக மாற்றி வைக்கச் சொல்வாள். தராசில் கள்ளம் இருந்தால் அப்போது வெளியே வந்துவிடும். காய்க்காரர்கள் அவளைத் தூரத்தில் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

"மாத்தி வெச்சுப் பாத்தியோ?" என்றாள்.

"எதை?"

"உன் டிஷ்ஷைத்தான். அடித்தட்டு ஒரு பக்கம் தேஞ்சிருக்குன்னா, அப்படியே தூக்கி முன்னே பின்னே திருப்பி வை. தேஞ்ச பக்கம் மேற்கே போயிடுமோல்லியோ? அப்போ தூக்கறதுக்குப் பதிலா இறக்கணும்."

இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று விச்சுவுக்கு வெட்கமாகப் போயிற்று. இருவருமாகத் தூக்கி, அதே இடத்தில் திருப்பி வைத்தார்கள். போட்ட திருத்தங்களையெல்லாம் அழித்துவிட்டுத் தேடச் சொன்னான். டிஷ் முனகிக்கொண்டே சுழன்று தென்கிழக்கைப் பார்த்தது. அப்புறம் மெல்ல மெல்ல மேலே ஏறியது. இறங்கவில்லை. முன்பு எவ்வளவு தூக்கினானோ அதே அளவு ஏறி, சிக்னலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

கோளாறு டிஷ்ஷோடு திரும்பவில்லை, கிழக்கிலேயே இருந்தது. டிஷ்ஷில் இல்லையென்றால் அது நிற்கிற தரையில். விச்சு கைப்பிடிச் சுவர்வரை போய்க் கீழே எட்டிப் பார்த்தான். பள்ளத்தில் பழுப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஓரத்து மண் சரிந்து சரிந்து இவர்கள் காம்பவுண்டுச் சுவரின் அடிவரை வந்திருந்தது. கட்டடம் சாய்கிறது, சாய்கிறது என்று அந்த டிஷ் மழைக்காலம் முழுக்கக் கத்தியிருக்கிறது. நீதான் கோணல் என்று ஒவ்வொரு ஞாயிறும் அதன் வாயைப் பொத்தியவன் அவன்.

ஈரக் கையோடு முதல் மாடிக்கு ஓடினான். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கோணல் டிஷ், கோணல் டிஷ்னு பில்டிங் பூரா நீதானேடா தம்பட்டம் அடிச்சே? இப்போ டிஷ் நேரா இருக்கு, பில்டிங்தான் கோணல்ங்கறியா?"

"தப்பாச் சொல்லிட்டேன் மாமா. ஒரு ரெண்டு நாள் எல்லாரும் வெளியில இருப்போம். நீங்களும் மாமியும் எங்களோட ஔந்துக்கு வந்துடுங்கோ, ப்ரியா தம்பி ஆத்துல தங்கிக்கலாம்."

"அடுத்த வாரம் அக்ரிமென்ட்ல கையெழுத்து. இப்போ போய்ப் புரளி கிளப்பினா பில்டர் ஓடியே போயிடுவான். அப்புறம் இங்க இருக்கறவாள்ளாம் என்னைச் சும்மா விடுவாளா?"

"ஏன்னா, கதவுகூட..." என்று சமையலறை வாசலிலிருந்து மாமி ஆரம்பித்தாள்.

"அது மழைடி," என்றார் மாமா.

விச்சு கெஞ்சினான், கத்தினான், கடைசியில் அழுதே விட்டான். அதற்குத்தான் மாமா கொஞ்சம் இறங்கி வந்தார். தெரிந்த இன்ஜினியர் ஒருவருக்குப் போன் செய்தார். மறுநாள் சாயங்காலம் வந்து பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். "அவர் சொல்லட்டும். மொதல்ல பெட்டியைத் தூக்கறவன் நான்தான்," என்றார் மாமா. சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் விச்சு போட்ட செய்திக்குச் சிரிப்பு பொம்மைகள்தான் பதிலாக வந்தன.

கிளம்பும்போது மாமி படிவரை வந்தாள். வழக்கம்போல ஒரு டப்பாவை ப்ரியம்வதா கையில் திணித்தாள்.

"எனக்கும் வரணும்னுதான் இருக்குடி. அவரை விட்டுட்டு எப்படி வரது?"

டிஷ்ஷை மாடியிலேயே விட்டுவிட்டு வந்தான் விச்சு. தென்கிழக்குச் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லி, அதை போனோடு இணைத்திருந்தான். பிடி இருக்கும்வரை திரையில் ஒரு பச்சைப் புள்ளி. விட்டுப்போனால் அது சிவப்பாகும், டிஷ் தானாக மறுபடி தேடும். அன்று இரவெல்லாம் மழை கொட்டியது. காலையிலும் விடவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், விஷ்ராந்த்வாடிக் கட்டடத்தில் ஆபீஸ் போகிறவர்கள் ஆபீசிலும் குழந்தைகள் பள்ளியிலும் இருந்தார்கள். மாமாவும் மாமியும்தான் வீட்டில். ஔந்தில் மைத்துனன் வீட்டுக் கூடத்தில் விச்சு லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தானே தவிர, ஒரு வரி வேலை பார்க்கவில்லை. கண் போனிலேயே இருந்தது. இன்ஜினியர் வர இன்னும் நேரம் இருந்தது.

புள்ளி சிவப்பானது.

டிஷ் தேடியது. தென்கிழக்கே திரும்பி, மேலே ஏறி, இன்னும் மேலே ஏறிச் செயற்கைக்கோளைப் பிடித்தது. புள்ளி பச்சையானது. இத்தனை வாரமும் சேர்த்துச் சாய்ந்ததைவிட அதிகமாகக் கட்டடம் ஒரே மூச்சில் சாய்ந்திருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி மறுபடி சிவந்தது.

"ப்ரியா, ஃபயர் பிரிகேடைக் கூப்பிடு!" என்று அலறிக்கொண்டே மாமாவின் எண்ணை அழுத்தினான். மாமா உடனே எடுத்தார்.

"மாமா, மாமியைக் கூட்டிண்டு வெளியில வாங்கோ. இப்பவே. செருப்புகூட மாட்ட வேண்டாம்."

மாமாவுக்குப் பின்னால் மரத்தில் எதையோ கொண்டு ஓங்கி ஓங்கி இடிக்கிற சத்தம் கேட்டது. "யாராவது இருக்கேளா?" என்று மாமி கூவிக்கொண்டிருந்தாள்.

"அப்பவே கிளம்பிட்டோம்டா விச்சு," என்றார் மாமா. "கதவுதான் திறக்க மாட்டேங்கறது."