வாலில் யார்?

விடிவதற்குள் எங்களுக்கு இடுப்பு கழன்றுவிடும். முந்தின நாள் வெட்டிப் போட்ட, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை இருட்டிலேயே இரும்புக் கம்பியால் குத்தி, தொடையில் முட்டுக் கொடுத்து, டிரெய்லருக்குள் எறிய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை கனம் இருக்கும். பிள்ளைக்கு முள் இருக்காது, இதற்கு உடம்பெல்லாம் முள். பனியில் கம்பி வழுக்கினால் குலை பாதத்தில் விழும். விழுந்தால், "கண்ண எங்க வச்சிருந்தே?" என்று எங்களை மேய்க்கும் மண்டோர் தேவன் கேட்பார். அந்த இருட்டில் கண்ணை எங்கே வைத்தால் என்ன?

என் பேர் உமாராணி. பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் குலை ஏற்றுகிறேன். டிராக்டர் ஓட்டுகிற பரஞ்சோதி என் வீட்டுக்காரர். எனக்கு வாய் நீளம், அவருக்கு வாயே கிடையாது. அதனால்தான் குடும்பம் ஓடுகிறது.

பெரிய ரோடு எங்கள் தோட்டத்தை இரண்டாகப் பிளந்து போகிறது. இந்தப் பக்கம் நாங்கள் குடியிருக்கும் லயமும், காலையில் ஆள் கூடும் பிரட்டுக் களமும் இருக்கின்றன. குலையைக் கொட்டும் மேடை அந்தப் பக்கம். ஏற்றிய குலைகளின் மேலேயே நாங்களும் ஏறி உட்கார்ந்து, பெரிய ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்ப வேண்டும். மலையை உடைத்துக் கல் ஏற்றிவரும் லோரிகள் அந்த ரோட்டில்தான் பறக்கும்.

டிராக்டர் வாங்கி வந்தபோது அதன் தலையில் ஒரு மஞ்சள் சுழல்விளக்கு இருந்தது. முதலாளி சிவநேசன் அதைக் கழற்றித் தன் ஹைலக்ஸ் வண்டியின் தலையில் மாட்டிக்கொண்டார். சுங்கை பட்டாணி டவுனில் வண்டிகள் நெருக்கமாக இருந்தால் அதைச் சுற்றவிடுவார். ஏதோ பெரிய அதிகாரி போகிறார் என்று ஜனங்களும் ஒதுங்கும். நாற்காலி இல்லாதவனுக்குத் தலைப்பாகை ஆசை என்று எங்களோடு குலை ஏற்றும் ராக்காயி அக்கா சிரிப்பாள்.

விளக்குப் போன இடத்தில் ஒரு பழக்கம் வந்தது. எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக ஒருத்தி ஏறி, டிரெய்லரின் பின்விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, டார்ச்லைட்டை ஆட்டிக்கொண்டே வர வேண்டும். அதற்கு வால் என்று பேர். "இன்னிக்கு வால்ல யாரு?" என்பதுதான் மண்டோர் பிரட்டில் கேட்கும் கடைசிக் கேள்வி. பெரும்பாலும் ராக்காயி அக்காதான். அவள் தொண்டைக்கு லோரி ஆரன் தோற்றுப்போகும். "எரும, கண்ணத் தொறந்து ஓட்டுடா" என்று அவள் ஒரு சத்தம் போட்டால் மூன்று லயத்துக்குக் கேட்கும்.

இது எத்தனை நாளைக்கு என்று என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. முதலாளியிடம் விளக்குக் கேட்டார். பார்க்கலாம் என்றார் முதலாளி. மறுபடி கேட்டார். மறுபடி பார்க்கலாம். ஆடித் திருவிழா முடிந்ததும் இவர் கோயிலுக்குப் போய், காளியம்மன் ரதத்தின் உச்சியில் சுற்றிய சிவப்பு விளக்கைக் கேட்டு வாங்கி வந்து, டிரெய்லரின் பின்னால் கம்பி போட்டுக் கட்டினார். சிவப்பு என்றால் ஆபத்து, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதுவும் அம்மன் தலையில் சுற்றிய விளக்கு. அதிலே என்ன தப்பு வரப்போகிறது என்று நினைத்தோம்.

கல் லோரிகள் வேகத்தைக் குறைத்தன. ஆம்புலன்ஸ் என்று நினைத்துச் சில கார்கள் ஓரம்கட்டிக்கூட நின்றன. "பாத்தியா உமா, நமக்கும் வழி விடுறானுங்க," என்று ராக்காயி அக்கா மகாராணி மாதிரி கையை ஆட்டுவாள்.

ஒருநாள் போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தினார். சிவப்பு பொம்பா என்கிற தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்சுக்கும் உள்ளது, டிராக்டருக்கு மஞ்சள்தான், மாற்றிவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னார். முதலாளிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். அங்கேதான் வினை பிடித்தது.

மறுநாள் விடியற்காலை குலை ஏற்றி முடிக்கும்போது ஹைலக்ஸ் வந்து நின்றது. மஞ்சள் விளக்கு தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. முதலாளி இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "தேவா, அத ஒடச்சுப் போடு" என்றார்.

மண்டோர் தேவன் குலை குத்தும் கம்பியை எடுத்தார்.

"அண்ணே, கோயில் வெளக்கு. கழட்டித் தந்துடுறேன், ஒடைக்காதீங்க," என்று என் வீட்டுக்காரர் விளக்கின் மேல் கையை வைத்தார். கம்பி இறங்கியது. விளக்கும் நொறுங்கியது, அவர் விரல்களும் நொறுங்கின. சத்தமே போடாத மனுஷன் அன்று அலறினார். சிவப்புக் கண்ணாடியும் ரத்தமும் கலந்து குலைமேல் வழிந்தன.

"போலீஸ் எனக்குப் போன் போடுற அளவுக்கு ஆயிடுச்சு," என்றார் முதலாளி. "சட்டம் தெரியாதவன் ஏன்டா வெளக்குக் கட்டுற?"

"அப்ப மஞ்ச வெளக்குத் தாங்க மொதலாளி. ஒங்க தலைக்கு மேல சுத்துதே, அதுதான் எங்களுது," என்றேன்.

கண்ணாடி ஏறிவிட்டது. ஹைலக்ஸ் போய்விட்டது. மண்டோர் யாரையும் பார்க்காமல், "இன்னிக்கு வால்ல யாரு?" என்றார்.

"நான்தான்லா. எனக்குத்தான் வாய் இருக்கே," என்று ராக்காயி அக்கா தன் தலைத்துணியைக் கிழித்து என் வீட்டுக்காரர் கையைக் கட்டிவிட்டு, டார்ச்லைட்டோடு ஏறினாள்.

என் வீட்டுக்காரர் ஒற்றைக் கையால் டிராக்டரை எடுத்தார். ரோட்டில் பனி இறங்கிக் கிடந்தது. அவள் கத்துவது கேட்டது. "டேய், டேய், டே..." அதற்குப் பிறகு கேட்டது இரும்பின் சத்தம்தான். குலைகள் எழும்பிப் பறந்தன. நானும் பறந்து குலைகளின் மேலேயே விழுந்தேன். கன்னத்திலும் உதட்டிலும் முள் ஏறியது. வங்காளதேசத்து ரொஃபிக், எங்களோடு குலை வெட்டுகிறவன், என் தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். அவன் இழுத்திருக்காவிட்டால் சரிந்த டிரெய்லர் என்மேல் விழுந்திருக்கும்.

ராக்காயி அக்கா, பின்னால் வந்து இடித்த கல் லோரியின் முகப்புக்கும் டிரெய்லரின் விளிம்புக்கும் நடுவில் இருந்தாள். இடுப்புக்குக் கீழே எது அவள், எது இரும்பு என்று பிரிக்க முடியவில்லை. கண் திறந்திருந்தது. வாய் அசைந்தது. அவ்வளவு பெரிய தொண்டையிலிருந்து கடைசியில் காற்றுதான் வந்தது. அடிப்பாவி, என்னைத் திட்டவாவது செய் என்று நான் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

லோரி ஓட்டிய மலாய்ப் பையன் ரோட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தாரில் முட்டிக்கொண்டிருந்தான். "தாக் நம்பாக், மக்சிக்... தாக் நம்பாக்." தெரியவில்லை அத்தை என்கிறான். அவனை அடிக்க ஓங்கின கையை நான் இறக்கிக்கொண்டேன். விளக்கே இல்லாத வண்டி அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? ஆம்புலன்ஸ் வந்தது. அதன் தலையில் சிவப்பு விளக்கு சுற்றியது.

அக்காவை எடுத்துப் போட்டு வந்த மறுநாள் சாயங்காலம் முதலாளி லயத்துக்கு வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நல்ல பொம்பளை, பாவம் என்றெல்லாம் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"இந்த மஞ்ச வெளக்க டிராக்டர்லயே மாட்டிடுறேன். நாளைக்கே. இனி யாருக்கும் பயம் இல்ல. ஆனா போலீஸ் கேட்டா எல்லாரும் ஒண்ணு சொல்லணும். மஞ்ச வெளக்கு மொதல்லேர்ந்தே டிராக்டர்லதான் இருந்துச்சு. பரஞ்சோதிதான் அதக் கழட்டிட்டுச் செவப்பு கட்டினான். அவன் செவப்பு கட்டினது போலீசுக்கே தெரியுமே."

விளக்கு வரும், என் புருஷன் உள்ளே போவார். அதுதான் பேரம்.

"செவப்புப் போடக் கூடாதுங்கற சட்டம் ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சு. மஞ்சப் போடணுங்கற சட்டம் மட்டும் எப்படி மொதலாளி தெரியாமப் போச்சு?" என்றேன்.

"ஒன் வாய்தான் ஒங்க குடும்பத்துக்குச் சனியன்," என்றார். மற்றவர்களைப் பார்த்தார். "லயத்து வீடு என் வீடு. ஒத்துவராதவங்க சாமான் நாளைக்கு ரோட்டுல கெடக்கும். யோசிச்சுக்குங்க."

அவர் வண்டி போய்விட்டது. சிலர் குனிந்து தரையைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. குற்றம் சொல்ல மாட்டேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்.

"நானே ஒத்துக்கிறேன். வெளக்கு வந்தாச் சரி. இன்னொருத்தி சாக வேண்டாம்."

"நீங்க கம்முனு இருங்க," என்றேன். அழுகைதான் வந்தது.

ராக்காயி அக்காவின் மகள் காஞ்சனா வாசலில் நின்றிருந்தாள். ஈரத்தலையோடு இருந்தாள். "பரஞ்சோதி மாமா அம்மாவக் கொன்னுட்டாருன்னு நான் சொல்லணுமா?" என்றாள். "அம்மா கட்டிவிட்ட துணி இன்னும் மாமா கையில இருக்கு. அத அவுத்துட்டுச் சொல்லச் சொல்றீங்களா?"

தரையைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். எதுவும் எழுதவில்லை, யாரும் சத்தியம் செய்யவில்லை. "நாளைக்கு யாரும் வண்டியில ஏறாதீங்க," என்று யாரோ சொன்னார்கள். சரி என்றது லயம்.

காலையில் பிரட்டுக்கு எல்லோரும் போனோம். குலையும் ஏற்றினோம். வேலைக்கு வரவில்லை என்று ஒருவன் சொல்லிவிடக் கூடாது. வேறு டிரெய்லர் கோத்த டிராக்டரில் புது ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தான். விளக்கு இல்லை. நாங்கள் பொய் சொன்ன பிறகுதான் அது வருமாம். மண்டோர் தேவன் வழக்கம்போல் ஆரம்பித்து, அந்தக் கடைசிக் கேள்விக்கு வந்ததும் கையிலிருந்த கம்பியைக் கீழே ஊன்றினார்.

"இன்னிக்கு... வால்ல யாரு?"

அப்போது ரொஃபிக், எங்களிடம் கற்ற அரைகுறைத் தமிழில் சொன்னான். "மொதலாளி வால்."

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். செத்த வீட்டு ஆட்கள் அப்படிச் சிரித்ததைப் பார்த்திருந்தால் ராக்காயி அக்காவுக்கு ஆனந்தமாக இருந்திருக்கும். "ஆமா, மொதலாளிய வந்து வால்ல உக்காரச் சொல்லுங்க. டார்ச்லைட் நாங்க தர்றோம்," என்று சொல்லிவிட்டு, தோட்ட வாசலில், பெரிய ரோடு ஆரம்பிக்கும் இடத்தில் டிராக்டருக்கு முன்னால் உட்கார்ந்தோம். எனக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் காஞ்சனா.

ஹைலக்ஸ் வந்தது. பின்னால் ஒரு வேன் நிறைய ஆட்கள். கையில் இரும்புத் தண்ணீர்க் குழாய்கள். அவர்கள் பேசவில்லை. முதல் அடி ரொஃபிக் தோளில் விழுந்தது, எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்தது என் மண்டையில். கண்ணுக்குள் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. என் வீட்டுக்காரரின் கட்டுப் போட்ட கையைத் தேடித் தேடி மிதித்தார்கள். காஞ்சனா ஒருவன் காலைக் கடித்துவிட்டாள், அவன் குழாயைப் போட்டுவிட்டு நொண்டினான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஓடத் தோன்றும், உட்கார்ந்தே இருங்கள் என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

"தேவா, என்னடா பாத்துட்டு நிக்கிற?" என்று முதலாளி கத்தினார்.

மண்டோர் கையில் அதே கம்பி இருந்தது. அவர் என் வீட்டுக்காரரின் விரல்களைப் பார்த்தார். கம்பியைச் சாக்கடையில் போட்டார். எங்களோடு உட்காரவில்லை, ஆனால் அடிக்கவும் இல்லை.

முதலாளிக்கு வெறி பிடித்துவிட்டது. ஹைலக்ஸில் தாவி ஏறி, மஞ்சள் விளக்கைச் சுற்றவிட்டு, ஆரனை அழுத்தியபடியே எங்களை நோக்கி விட்டார். ஒரு நிமிடம் என் பிள்ளைகள் ஞாபகம் வந்தது. காஞ்சனாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். வண்டி என் முட்டியில் இடித்து நின்றது. இன்ஜின் சூடு முகத்தில் அடித்தது. அவர் இன்னும் அழுத்தினார், என் முட்டி பின்னால் தள்ளப்பட்டது, நான் நகரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் பத்துக் கைகள் முட்டுக் கொடுத்திருந்தன.

அந்த மஞ்சள் விளக்கு எங்கள் முகங்கள்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் பார்த்தேன். பெரிய ரோட்டில் ஒரு கல் லோரி வேகத்தைக் குறைத்தது. அதன் பின்னால் இன்னொன்று. பனிக்குள் விளக்கைக் கண்டவுடன் ஒவ்வொன்றாக மெல்ல வந்து ஓரம்கட்டி நின்றன. இவ்வளவுதான் அந்த விளக்குக்கு வேலை. அது டிராக்டர் தலையில் இருந்திருந்தால் அன்றைக்கும் இதைத்தான் செய்திருக்கும்.

லோரிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ரத்தத்தைப் பார்த்தார்கள், குழாய்களைப் பார்த்தார்கள். குழாய் பிடித்தவர்கள் ஓர் அடி பின்னால் வைத்தார்கள். நரைத்த தாடி வைத்த பெரியவர் ஒருவர் முதலாளியின் ஜன்னலைத் தட்டி, மேலே சுற்றிய விளக்கைக் காட்டி, "இது யாருடையது?" என்று மலாயில் கேட்டார்.

"எங்களுது பக்சிக்," என்றேன். "டிராக்டருடையது."

அவர் தலையை ஆட்டினார். அன்றைக்கு லோரி ஓட்டிய அந்தப் பையன் இன்னும் லாக்கப்பில்தான் இருக்கிறான் என்றார். தன் லோரி ரோட்டில் நிற்கிறதே என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் வரிசையின் கடைசிக்கு நடந்து போனார். வால் பக்கம், பெரிய ரோட்டை ஒட்டின இடம். அங்கே ரொஃபிக் முறிந்த தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

தூரத்தில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டது. யாருக்காக வருகிறதோ தெரியவில்லை. அந்தப் பெரியவர் உட்காருவதற்காக நாங்கள் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டோம்.