அழகம்மாளைக் கொண்டுவந்து விடுகிறவர்

1936ஆம் வருஷம் பங்குனி மாதத்து ஒரு சனிக்கிழமை பகலில், பொன்மலை காலனிப் பள்ளிக்கூடத்தின் ஒன்றாம் வகுப்பு அறையில் கூடியிருந்தவர்கள் இவர்கள். மேஜைக்குப் பின்னால், அறையில் இருந்த ஒரே நாற்காலியில், தலைமையாசிரியை பேட்ரிசியா அம்மாள். அவருக்கு வலப்பக்கம் ஜன்னலோரமாக ஸ்டூலில், பள்ளிக் கமிட்டியின் காரியதரிசி தேசிகன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து ரயில்வே பட்டறையின் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா வேலை பார்ப்பவர். முன் பெஞ்சில் ராக்கம்மாள். குழந்தைகளுக்குச் செய்த பெஞ்சு ஆகையால் முழங்கால் மோவாயை இடித்தது. காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், அவளுக்குத் துணையாக வந்த ஷரபுன்னிசா. கதவருகே கடைசி பெஞ்சு ரத்தினவேலுக்கு. ஆனால் அவர் துண்டை மட்டும் பெஞ்சில் போட்டுவிட்டு நின்றுகொண்டே இருந்தார். மேஜையின் இடப்பக்கம், சாக்குக்கட்டிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நான். பெயர் சத்யபாமா.

நான் கமிட்டி ஆள் அல்ல. துறையூரில் எட்டாவது வரை படித்தவள். காலனியில் யாருக்கு மனு எழுதுவதானாலும், ஊருக்குக் கடிதம் போடுவதானாலும் என்னிடம்தான் வருவார்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும் என்று எங்கள் வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு பழக்கியிருந்தார். அன்றைக்குக் கமிட்டித் தலைவருக்கு ஒரு கடிதம் போக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விஷயம் ரத்தினவேலின் மகள் அழகம்மாளைப் பற்றியது. அது கம்பெனி ஊழியர்களின் குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம். பேரன் பேத்திகளுக்கு இடம் கிடையாது. அழகம்மாள் ரத்தினவேலின் பேத்தி என்றும், அவளுக்குக் கொடுத்த இடத்தைத் தன் இளைய மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் ராக்கம்மாள் புகார் கொடுத்திருந்தாள். போன ஜூனில் இடமில்லை என்று அந்தப் பையனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

பேத்தி என்ற பேச்சு எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ரத்தினவேல் பட்டறையில் உலைப் பக்கம் சம்மட்டி அடிப்பவர். அவருக்கு எப்போதும் இரவு முறை. காலைச் சங்கு ஊதியதும் வீட்டுக்குப் போய், குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். கரி படிந்த முகம், நரைத்த தாடி, தூக்கம் இல்லாத கண். அவர் மனைவி ராசாத்திக்கு ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் விடிவதற்கு முன்பே டூட்டிக்குப் போய்விடுவாள். அவர் நாகப்பட்டினம் பட்டறையில் இருந்தபோது முதல் சம்சாரம் பிள்ளையில்லாமல் போய்ச் சேர்ந்துவிட, இங்கே மாற்றிக்கொண்டு வந்த பிறகு கட்டிக்கொண்டவள் இவள். அவரில் பாதி வயதுகூட இராது.

வாசலில் பிள்ளைகளை விட வருகிற பெண்கள் மணி அடிக்கிற வரைக்கும் வேப்ப மரத்தடியில் நிற்போம். பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் அழகம்மாள் திரும்பிப் பார்த்து, "அப்பா, போயிட்டு வரேன்!" என்று கத்தினாள்.

"அப்பாவா? நான் தாத்தான்னுல்ல நெனச்சேன்!" என்றாள் ஒருத்தி.

"ஆத்தாகாரி எங்க? எட்டிக்கூடப் பாக்கல?"

"அவளுக்கு ஏதுங்க நேரம்? சம்பாதிக்கிற மவராசி!"

மரத்தடி முழுக்கச் சிரித்தது. குழந்தைகளும் சேர்ந்து சிரித்தன. மறுநாள் அழகம்மாள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதற்கும் மறுநாள், "தாத்தா, போயிட்டு வரேன்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ரத்தினவேல் கொஞ்ச நேரம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கையை ஆட்டினார். "ஏங்க அவளைக் கண்டிக்கலாமே?" என்று நான் கேட்டதற்கு, "இருக்கட்டும் தாயி. அவளுக்கு அதுதான் சுளுவா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வகுப்பில் டீச்சர் கேட்டபோதும் குழந்தை தாத்தா என்றுதான் சொல்லியிருக்கிறது.

கூட்டத்தில் தேசிகன்தான் பேச்சைத் தொடங்கினார். "ரத்தினவேலு, சுத்தி வளைக்க வேண்டாம். குழந்தை உனக்கு என்ன உறவு?"

"மகளுங்க."

"பின்னே தாத்தான்னு கூப்பிடறதாமே?"

"வெளையாட்டுக்குக் கூப்பிடுதுங்க."

ராக்கம்மாள் பெஞ்சிலிருந்தபடியே திரும்பினாள். "நல்ல வெளையாட்டு! எம் மவன் தெருவுல புழுதியில வெளையாடுறான், இவரு பேத்தி இங்க உக்காந்து வெளையாடுது."

"ப்ளீஸ், கொஞ்சம் மெதுவா" என்றார் பேட்ரிசியா அம்மாள். "தகப்பனார்தான் என்றால் ஒரு தகராறும் இல்லை. பேர், வேலை, வயசு எழுதி, கைநாட்டு வாங்கி, தலைவருக்கு அனுப்பிவிடலாம். எழுதுங்கள் சத்யபாமா."

நான் எழுதினேன். ரத்தினவேல், உலைப் பிரிவு, சம்மட்டி ஆள், வயது. அதோடு நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன்.

"நாப்பத்தொம்பதும்மா" என்றார் ரத்தினவேல். பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் வந்தது.

ராக்கம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள். "நாப்பத்தொம்பதாம்! எங்க மாமனாரு அம்பத்தஞ்சு முடிஞ்சு போன ஆடிக்கு வேலையிலேருந்து நின்னவரு. அவரே இவர அண்ணேன்னுதான் கூப்பிடுறாரு. கேட்டியா ஷரபு?"

"எனக்கு ஏன்க்கா இந்த வம்பு?" என்றாள் ஷரபுன்னிசா.

"வம்பு இல்லடி, நியாயம். சரி, மகளாவே இருக்கட்டும். இந்த ஒடம்புக்கு ஆறு வயசுல ஒரு புள்ளன்னா யாரு நம்புவா? அந்தப் பொண்ணு ராவுல எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போறா, இவரு ராவெல்லாம் உலையில நிக்கிறாரு. ரெண்டு பேரும் பாத்துக்கிறதே எப்பன்னு தெரியல. புள்ள மட்டும்..."

"ராக்கம்மா!" என்று அதட்டினார் தேசிகன்.

அதற்குள் ரத்தினவேல் மேஜை வரைக்கும் வந்துவிட்டார். அவர் அப்படிக் குரல் எடுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

"இந்த ஒடம்பையா சொல்ற? தாது வருசத்துப் பஞ்சத்துல பொறந்த ஒடம்பும்மா இது! ஊரே கஞ்சித் தொட்டி வாசல்ல செத்துக் கெடந்தப்ப உசிரோட பொறந்து உசிரோட வளந்தவன் நான். அதுக்கே அசரல. ஒரு புள்ள பெக்கவா அசந்துபோவேன்? அழகு என் ரத்தம்!"

ஷரபுன்னிசா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. தேசிகன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் உருட்டிக்கொண்டிருந்த பேனாவை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"போன வெள்ளிக்கிழமைதான் கோயில் வாசல்ல புதுப் பஞ்சாங்கம் வாங்கினேன்" என்றார். "வர்ற சித்திரையிலே பிறக்கப்போற வருஷத்துக்குப் பேர் என்ன தெரியுமோ? தாது."



"தாது என்றால் என்ன?" என்று பேட்ரிசியா அம்மாள் என்னைக் கேட்டார். நான் தாளின்மேல் குனிந்துகொண்டேன். தமிழ் வருஷத்தின் ஒரு பெயர் போனால் திரும்பி வர அறுபது வருஷம் ஆகும். தாதுவில் பிறந்தவர் மறு தாதுவில் சஷ்டியப்த பூர்த்தி செய்துகொள்ள வேண்டியவர். கம்பெனியிலோ ஐம்பத்தைந்துக்கு மேல் ஒரு நாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். நாகப்பட்டினத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பத்து வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் யார்தான் சொல்லவில்லை? சொன்னது வெளியே வந்தால் வேலை போகும், வேலையோடு குவார்ட்டர்ஸ் போகும். ஊழியர் இல்லாதவரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்திலும் இடம் இராது.

தான் என்ன சொன்னோம் என்பது ரத்தினவேலுக்கு மெல்ல மெல்ல உறைத்தது. என் பேனாவைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் பட்டறையின் டைம் ஆபீஸில், ஆள் கணக்கு எழுதும் இடத்தில்தான் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும்.

"எழுதிடாதீங்க தாயி" என்றார். "தாத்தான்னே எழுதிடுங்க. பேத்தின்னு போட்டுடுங்க. புள்ளய நான் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

"எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

வாசலில் ராசாத்தி நின்றாள். டூட்டி முடிந்து நேரே வந்திருந்தாள். சேலையின் கீழ்ப்பக்கம் ஈரமாக இருந்தது. பினாயில் வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்தது. அவள் எவ்வளவு நேரமாக நின்றாள், எதையெல்லாம் கேட்டாள் என்று தெரியவில்லை.

"நீ வீட்டுக்குப் போ" என்றார் ரத்தினவேல்.

"போறேன். மொதல்ல அய்யாவ ஒண்ணு கேட்டுக்கிறேன்." தேசிகனைப் பார்த்தாள். "ஏங்க, நானும் கம்பெனி ஆளுதானுங்களே?"

"நீ தினக்கூலி இல்லையோ?"

"அது அப்பங்க. ரெண்டு வருசமாச்சு பர்மனென்ட் ஆகி." முந்தானை முடிச்சை அவிழ்த்து ரயில் பாஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதுவும் லேசாக நனைந்திருந்தது.

பேட்ரிசியா அம்மாள் மேஜை இழுப்பறையிலிருந்து விதிகள் அச்சிட்ட தாளை எடுத்து ஒருமுறை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். "ஊழியரின் குழந்தை என்றுதான் இருக்கிறது, மிஸ்டர் தேசிகன். தகப்பனார் என்று இல்லை."

"இத்தனை நாள் யாரும் தாயார் பேர்லே கேட்டதில்லையே."

"இத்தனை நாள் வேலை பார்க்கும் தாயார் யாரும் இங்கே வரவில்லை."

"இது என்ன கூத்து?" என்றாள் ராக்கம்மாள். "அப்பன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப ஆத்தா பேருல புள்ளய எழுதுறதா? ஊரு என்ன சொல்லும்?"

"நான் வேலைக்குப் போறதத்தான வருசம் பூரா மரத்தடியில பேசினீங்க?" என்றாள் ராசாத்தி. "பேசினது போதும், இப்ப எழுதுங்க. எழுதுங்கக்கா. அப்பா பேரையும் எழுதுங்க. அவரு வயசு யாருக்கும் வேண்டியதில்ல."

நான் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளை எடுத்தேன். தேசிகன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இதோ பாருங்கோ. இங்கே பேசினது இங்கேயே இருக்கட்டும். நான் எதையும் காதுல வாங்கலை."

"எங் காது அப்படி இல்லீங்களே" என்று ராக்கம்மாள் எழுந்தாள். பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. "கேட்டது கேட்டதுதான். கேக்காத மாதிரி இருக்கணும்னா எம் மவனுக்கு ஒரு இடம் சொல்லுங்க. இப்பவே போறேன், வாயத் தொறக்க மாட்டேன்."

பேட்ரிசியா அம்மாளுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். "பெஞ்சில் நிஜமாகவே இடமில்லை, அம்மா. ஜூனில் பார்க்கலாம்" என்றார்.

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க." சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். "சங்கு ஊதினா எங்க வீட்டுக்காரரு பட்டறை கேட்டுல வந்து நிப்பாரு." அவள் வீட்டுக்காரர் மருதை, ரத்தினவேலுக்கு அடுத்தபடியாக அதே உலையில் பகல் முறையில் இருப்பவர். மேலே ஒரு ஆள் போனால் அந்த இடம் அவருக்கு. வாசலில் ராசாத்தி ஒதுங்கி வழி விட்டாள். ராக்கம்மாள் அவளைப் பார்க்காமல் போனாள்.

"அக்கா! கொஞ்சம் நில்லுக்கா, நான் சொல்றதக் கேளு" என்று ஷரபுன்னிசா பின்னாலேயே ஓடினாள். ராக்கம்மாள் கேட்டாளா என்பது தெரியாது.

நான் கடிதத்தை எழுதி முடித்தேன். தலைவர் அவர்களுக்கு, அழகம்மாள் என்னும் மாணவி இக்கம்பெனியின் ஆஸ்பத்திரியில் நிரந்தர ஆயாவாக வேலை பார்க்கும் ராசாத்தியின் மகள் என்றும், ஆகவே விதிப்படி இடத்துக்கு உரியவள் என்றும், தகப்பனார் பெயர் ரத்தினவேல் என்றும், குழந்தையைத் தினமும் கொண்டுவந்து விடுகிறவர் அவரே என்றும். ராசாத்தி கைநாட்டு வைத்தாள். தேசிகன் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். போடும்போது தாளை ஒரு முறைக்கு மேல் பார்க்கவில்லை. போட்டுவிட்டு ரயிலுக்கு நேரமாயிற்று என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ரத்தினவேல் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "தாயி, எம் பேரு வர்ற எடத்த ஒருவாட்டி படிங்க."

படித்தேன்.

"அப்பான்னுதானே இருக்கு?"

"தகப்பனார்னு இருக்குங்க."

"வயசு?"

"எழுதலைங்க."

"வாயால சொல்லிட்டேனே தாயி." ஜன்னல் வழியாகப் பட்டறைச் சாலையைப் பார்த்தார். "வீட்டுல... அய்யா கேட்டாருன்னா என்ன சொல்லுவீங்க?"

கூட்டம் எப்படி நடந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். என்னைக் கேட்டால் நான் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுகிறவள் என்பதும் ரத்தினவேலுக்குத் தெரியும். "கடிதம் எழுதினேன்னு சொல்லுவேங்க" என்றேன். ரத்தினவேல் அதை நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. ராசாத்தி அவருடைய துண்டை பெஞ்சிலிருந்து எடுத்து அவர் தோளில் போட்டாள்.

பேட்ரிசியா அம்மாள் கடிதத்தை உறையில் போட்டார். மெழுகுவத்தியில் அரக்கைக் காட்டி உருக்கி, இரண்டு சொட்டு விட்டு, பள்ளிக்கூட முத்திரையை அழுத்தினார். அது இறுகுவதற்குள் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்த சங்கு பட்டறைப் பக்கம் ஊதியது. கொஞ்ச நேரத்தில் கேட்டிலிருந்து ஆட்கள் சைக்கிளில் கூட்டமாக வருகிற சத்தம் கேட்டது. பியூன் அப்துல் ரஹீம் உறையை வாங்கிப் பைக்குள் வைத்து, சைக்கிளை மிதித்து, அந்தக் கூட்டத்துக்கு எதிரே போனார்.