ரப்பரக்கா விட்டுவைத்த சொல்

அந்த நிறுவனத்தில் அவளை எல்லோரும் ரப்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தீவிரவாதக் கும்பல்களில் ஏன் சேர்கிறார்கள், ஏன் விலகுகிறார்கள், பிளந்து கிடக்கும் சமூகத்தை எப்படி ஒட்டவைப்பது என்று ஆராய்கிற இடம் அது. ஒட்டவைக்கிற லட்சணம், மூன்றாவது மாடிக்காரர்கள் இரண்டாவது மாடிக்காரர்களோடு பேசி ஆறு மாதமாகிறது. அது கிடக்கட்டும். பேட்டி கொடுத்தவரின் பெயர், ஊர், தொழில், தழும்பு என்று ஆளைக் காட்டிக்கொடுக்கும் எதையும் அழிப்பது அவள் வேலை. பதினொரு வருடத்தில் ஒருவர்கூட மாட்டியதில்லை.

அந்தத் தைரியத்தில்தான் தம்பியையே கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தாள். கும்பலை விட்டு ஓடிவந்து ஒரு லேத் பட்டறையில் ஒளிந்து பிழைத்துக்கொண்டிருந்தான் அவன். தங்களைப் போலீசில் போட்டுக்கொடுத்தது யார் என்று பழைய கூட்டாளிகள் தேடிக்கொண்டிருந்தார்கள். அது அவன்தான். பேட்டியில் அதையும் சொன்னான்.

சொந்தக்காரர்களின் பேட்டியைத் தொடக்கூடாது என்று விதி இருக்கிறது. இயக்குநரிடம் உறவைச் சொல்லாமல் அவளே உட்கார்ந்து மூன்று முறை அழித்தாள். "அன்னைக்கு வயித்துல டொங்குணி ஆடிச்சு" என்ற வரியில் மட்டும் அவள் கண் நிற்கவே இல்லை. பயத்துக்கு அவர்கள் வீட்டில் அதுதான் சொல். மூன்று வயதில் தம்பி உளறியது. அம்மாவும் அப்பாவும் பிடித்துக்கொண்டார்கள். உலகமே அப்படித்தான் பேசுகிறது என்று நினைத்திருந்தாள், மடச்சி.

இயக்குநருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய் அறிக்கையின் அட்டையிலேயே போட்டார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான்.

வாய்க்கு வாய் அதையே சொல்வான் என்று கும்பலில் தம்பிக்கு வைத்த பட்டப்பெயரே டொங்குணி. அது அவளுக்குத் தெரியாது. அறிக்கை வெளியான நாலாம் நாள் பட்டறைக்கு மூன்று பேர் அட்டையோடு வந்தார்கள். சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாசித்து முடித்ததும் இரும்புக் குழாயால் தாடையை நொறுக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் பேப்பரில் எழுதினான்: "என் பேட்டிய யாருக்கா பாத்தது?"

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "பக்கத்து மேசைக்காரிடா. நான் அன்னைக்கு லீவு. ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு எந்நேரமும் போன்லயே கிடப்பா, அவளுக்கு எங்க வேலையில கவனம்?"

தம்பி நம்பினான். அவள் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஆப்பிள் பையோடு இயக்குநர் வந்தார். உறவு அம்பலமாகிவிட்டது, ஆனால் அவருக்கு வேண்டியது வேறு, பழியைப் போட ஒரு தலை. "யார் தப்புன்னு தெரிஞ்சா நடவடிக்கை எடுக்க வசதியா இருக்கும் தம்பி" என்றார். அக்கா சொன்னதை அப்படியே எழுதி நீட்டினான் தம்பி. இயக்குநர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அப்படித்தானேம்மா?"

"ஆமா சார்."

அன்று மாலையே பக்கத்து மேசை காலியானது. அந்த மேசைக்காரி அழுதபடி, "நான் அந்தப் பேட்டியத் தொட்டதேயில்லக்கா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்று கையைப் பிடித்தாள். ரப்பரக்கா கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார்.

"அறிக்கையோட நன்றிப் பக்கத்துல அவங்க பேரு இருக்கு பாருங்க. எடுத்துடுங்கம்மா."

எடுத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.