பூவரசடி ரயில்

மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளுகிறவள் நினைத்த நேரத்தில் மூக்கைச் சொறிந்துகொள்ள முடியாது. கை பட்ட இடமெல்லாம் எரியும். ராயபுரத்தில் அந்தத் தெருவைக் கடக்கிறவர்கள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓட்டமாக ஓடுவார்கள். உள்ளே ஐம்பது அறுபது பெண்கள் விடிந்தது முதல் பொழுது சாயும் வரை அந்த நெடியில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

கைக்குழந்தைகளும் நடக்கிற பிள்ளைகளும் கூடவே இருமிக்கொண்டு கிடந்தன. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் இவர்கள் ஏன் தூக்கி வரப்போகிறார்கள்? அவர்களில் ஒருத்தியான பிலோமிதான் ஒரு வழி பண்ணினாள். கிடங்குக்குப் பின்னால் இருந்த பூவரச மரத்தடியைப் பெருக்கி, கடற்கரை மணலைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். கரை ஒதுங்கிய பனந்துண்டு ஒன்றை, கூட வேலை செய்யும் குப்பம்மாவின் புருஷன் பொன்னுரங்கம் உருட்டி வந்து போட்டான். அது ரயில் ஆயிற்று. கட்டுமரத்துப் பழங்கயிறு ஊஞ்சல். கிளிஞ்சல்தான் டிக்கெட். பூவரச இலையைச் சுருட்டி ஊதினால் ரயில் கிளம்பிவிடும். எல்லாம் தன் யோசனை என்பதில் பிலோமிக்கு உள்ளூரக் கர்வம் உண்டு.

ஆனால் மழை வந்தால் ரயில் அம்போ. பிள்ளைகள் திரும்பவும் நெடிக்குள்தான் ஓடிவர வேண்டும். சட்டப்படி முதலாளி ஓர் அறையும் ஆயாவும் பாலும் தரவேண்டும் என்று யூனியன்காரர் மஜீது சொன்னார். பெண்கள் கைநாட்டு வைத்து மனு அனுப்பினார்கள். குப்பம்மாவின் குழந்தைக்கு இருமல் நெஞ்சில் கட்டியிருந்தது. அந்த அறையைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

மனுவை விசாரிக்கத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர், அதுதான் வினை. கிடங்குக்குள் நுழைந்ததுமே கண் கலங்கி, "இதுக்குள்ள குழந்தைங்களை விடவே கூடாது" என்றார். முதலாளி அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். பிலோமி மகன் தாமஸ் இலையை ஊத, ரயில் போய்க்கொண்டிருந்தது.

"அடடா! நல்ல காத்து, நிழல். யார் செஞ்சது இது?"

"நம்ம ஏற்பாடுதான் சார்" என்றார் முதலாளி, கூசாமல்.

இன்ஸ்பெக்டர் கிடங்கின் பின்வாசலில் நின்ற பிலோமியைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அவளுக்குப் பக்கத்தில் குப்பம்மா நின்றாள். எதிரே மேஸ்திரி அம்புரோஸ் மீசையைத் தடவியபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போன மாதம் வாயைத் திறந்த மரியத்துக்கு மறுநாள் வேலை இல்லை. பிலோமியின் புருஷன் துறைமுகத்தில் கால் ஒடிந்து வீட்டோடு கிடக்கிறான்.

"ஆமாங்கய்யா. மொதலாளிதான் கட்டிக் குடுத்தாரு."

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. அறைக்கு இப்போது என்ன அவசரம், காற்றோட்டமாக இதுவே நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்.

பெண்கள் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தார்கள். பிலோமிக்கு அருகே எப்போதும் உட்காரும் குப்பம்மா, தன் முறத்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனாள்.

"குப்பு, நான் இன்னா பண்ணுவேன்? அந்த ஆளு மொறைச்சிக்கினே நிக்கிறான்..."

"நான் இன்னா கேட்டேன் உன்னை? வுடுக்கா" என்றாள் குப்பம்மா, முகம் கொடுக்காமல்.

வைதிருந்தால்கூடத் தேவலை. பிலோமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கையால் மணல் சுமந்து கட்டியதை, தன் வாயாலேயே அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை, எல்லார் பிள்ளைகளின் கூரையும் அல்லவா போய்விட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தன. அம்புரோஸ் அதற்குள் பின்கதவை இழுத்துத் தாழ் போட்டான்.

"அய்யோ, தொறங்க மேஸ்திரி! கொயந்தைங்க நனையுது!" என்று குப்பம்மா எழுந்து ஓடினாள்.

"உள்ள வுடக் கூடாதுன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டுப் பூட்டாரு. அதுங்களுக்குத்தான் வெளிய எடம் கீதே. மொதலாளி கட்டிக் குடுத்தது." அவன் பிலோமி பக்கம் திரும்பினான். "இன்னாம்மே, நீதானே சொன்னே?"

தகரக் கூரையில் மழை அடித்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில், ஈர மண் அப்பிய சின்னச் சின்னக் கால்கள் வரிசையாகத் தெரிந்தன. அதில் தாமஸுடைய கால் எது என்று பார்க்கக்கூட பிலோமிக்குத் தலை நிமிரவில்லை.