பின்னால் வந்தவர்கள்

ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். அக்கம்பக்கத்தில் இன்றும் 'கார்டு' என்றால்தான் தெரியும். ஐம்பது பெட்டிகளுக்கும் பின்னால் கடைசியாக ஒட்டிக்கொண்டு போகும் சின்ன வண்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்து போகிற உத்தியோகம். மற்றவர்கள் பேச ஆளில்லை என்று ஆறே மாதத்தில் மாற்றல் கேட்டு ஓடுவார்கள். அவர் ஒருநாளும் கேட்டதில்லை. மனைவிதான் சொல்லிக்காட்டுவாள்: "ஊரே முன்னாடி பாத்துப் போகுது. நீங்க மட்டும் பின்பக்கமே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க."

அவள் சொன்னது தப்பில்லை. ரயிலுக்கு முன்பே, இருபத்தோரு வயதில், அவர் ஒரு குண்டுவீச்சு விமானத்தின் வால் நுனியில் உட்கார்ந்திருந்தவர். ஏழு பேர் போகிற விமானம் அது. ஆறு பேர் முன்பக்கம், கூப்பிடு தூரத்தில். ஏழாவது ஆள் வாலில், கண்ணாடிக் கூண்டுக்குள், நான்கு இயந்திரத் துப்பாக்கிகளுடன், துரத்தி வரும் எதிரியை எதிர்பார்த்துக்கொண்டு. 'வாலு' என்று அவருக்குப் பெயர் வைத்தவர் கேப்டன். காதில் மாட்டிய கருவி வழியே இவர் ஏதாவது வம்பு பேசினால், "தலை இருக்க வால் ஆடக்கூடாதுடா" என்பார். மற்ற ஐந்து பேரும் சிரிப்பது கேட்கும். கேட்கும், அவ்வளவுதான். பறக்கும்போது அவர்கள் முகத்தை அவர் பார்த்ததே கிடையாது.

முப்பது முறை போனார்கள், முப்பது முறையும் திரும்பி வந்தார்கள். விமானமும் பிழைத்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, குண்டு சுமந்த வயிற்றில் தண்ணீர்த் தொட்டி கட்டி, காட்டுத்தீ அணைக்க அனுப்பினார்கள். அந்த வேலை பதினோரு வருடம். பிறகு ஒரு மைதானத்தின் ஓரத்தில் நிறுத்திவிட்டு மறந்துபோனார்கள். இறக்கைக்கு அடியில் கோழிகள் முட்டையிட்டன. கழற்ற முடிந்ததையெல்லாம் ஆளுக்கொன்றாகக் கழற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் விமானப் பைத்தியம் பிடித்த பத்துப் பேர் சேர்ந்து அதை லாரிகளில் ஏற்றி வந்து, ஒரு பெரிய கொட்டகையில் போட்டு, ஒன்பது வருடமாகப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்துதான் ஒருநாள் காலை போன் வந்தது. பேசியவள் தலைமை மெக்கானிக்.

"ஐயா, நாலு இன்ஜினும் ஓட ஆரம்பிச்சிடுச்சு. பறக்க விடமாட்டாங்க, இறக்கையில விரிசல் இருக்கு. தரையில நிறுத்தியே ஓட்டிக் காட்டுறோம். நீங்க கட்டாயம் வரணும். அந்த ஏழு பேர்ல இப்ப இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

கேப்டன் போய்விட்டார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. போனை வைத்துவிட்டு எழுந்தார். 'கேப்டன் செத்துட்டாராம்' என்று சொல்வதற்காகச் சமையலறை வாசல்வரை போய்விட்டு, நின்றார். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கொட்டகைக்குப் போன அன்று நூறு பேருக்குமேல் கூடியிருந்தார்கள். புதுச் சாயம் பூசிய விமானம் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. அவருக்கு அது யாருடைய விமானமோ என்றிருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கேப்டன் இருக்கையில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். போட்டோ எடுக்க ஒருவர் தயாராக நின்றார்.

"இது என் இடம் இல்லம்மா," என்றார் மெக்கானிக்கிடம். "என்னைப் பின்னாடி விடுங்க."

"அங்க ரொம்பக் குறுகலா இருக்கும் ஐயா. முட்டி மடங்குமா?"

"மடங்கலேன்னா மடக்கிக்கலாம்."

விமானத்தின் உடலுக்குள் தவழ்ந்து போகவே கால்மணி நேரம் பிடித்தது. முழங்கால் விண்விண் என்று தெறித்தது. ஒரு காலத்தில் கனத்த உடுப்போடு சட்டென்று நுழைந்த கூண்டில், இப்போது மெக்கானிக் முதுகில் கைகொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்ததும் அவளும் பின்னால் குந்திக்கொண்டு முன்பக்கத்துக்குக் குரல் கொடுத்தாள். ஒவ்வொன்றாக நான்கு இன்ஜினும் பிடித்துக்கொண்டன. கூண்டு அதிர்ந்தது, பல் கிட்டியது. கண்ணாடிக்கு அப்பால் காலி மைதானமும் மேகமும் மட்டும். அவர் கண்ணெடுக்காமல் அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஜின்கள் ஓய்ந்தன. அவர் இறங்க முயலவில்லை. கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"என்னய்யா, எங்கயாவது வலிக்குதா?"

"பதினேழாவது தடவை," என்றார் அவர். "திரும்பி வரும்போது நல்லா விடிஞ்சிடுச்சு. நம்ம படை விமானமே இன்னொண்ணு, ஒரு இன்ஜின் எரிஞ்சுபோய், எங்க பின்னாடியே வந்துச்சு. அவங்களுக்கு வழி தெரியல போல. பசு பின்னாடி கன்னுக்குட்டி வர்ற மாதிரி. ஓட்டுறவர் முகம்கூடத் தெரிஞ்சுது, பெரிய மீசை. நான் கையைத் தூக்கினேன். அவரும் தூக்கினாரு."

மெக்கானிக் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்ந்து குந்தினாள்.

"அப்புறம் எதிரி விமானம் ரெண்டு வந்துச்சு. கேப்டன் மேகத்துக்குள்ள நுழையப் பாத்தாரு. 'பின்னாடி நம்மாளுங்க வர்றாங்க, விட்டுட்டுப் போகாதீங்க'ன்னு கத்தினேன். 'எனக்கு இங்க ஏழு உசுரு இருக்குடா'ன்னாரு. மேகத்தை விட்டு வெளிய வந்தப்போ பின்னாடி ஒண்ணுமே இல்ல. வெறும் வானம். மத்தவங்க எல்லாம் காதால கேட்டதோட சரி. பாத்தது நான் ஒருத்தன்தானே."

"அவங்க என்ன ஆனாங்கன்னு விசாரிச்சீங்களா?"

"இல்லம்மா. கேட்டா சொல்லிடுவாங்களேன்னு பயம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அந்த விமானத்துப் பக்கவாட்டுல என்ன எழுத்து இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோகிற வயது. ஆனால் அந்த மூன்று எழுத்தும் கேட்ட மாத்திரத்தில் வாயில் வந்தன.

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து ஒரு நீள உறை வந்தது. பழைய பதிவேட்டின் நகலும், அவள் விசாரித்து எழுதிய குறிப்பும். அந்த விமானம் அன்று காலையே கடற்கரையோரம் ஒரு வயலில் வயிறு தேய இறங்கியிருக்கிறது. ஒருவருக்குக் கால் முறிவு. ஏழு பேரும் உயிர் தப்பினார்கள். மீசைக்காரர் அதன்பின் ஒரு செருப்புக் கடை வைத்து முப்பது வருடம் நடத்தியிருக்கிறார். ஊர்ப்பெயர் கார்டுக்குத் தெரிந்ததுதான். அவருடைய கூட்ஸ் வண்டி வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் பிடிக்க நின்ற ஊர் அது. மீசைக்காரர் போன வருடம்தான் இறந்திருந்தார். அவர் மனைவியின் விலாசத்தையும் மெக்கானிக் எழுதியிருந்தாள்.

நான்கு முறை எழுதிக் கிழித்து, ஐந்தாவது கடிதத்தைப் போட்டார். பதில் பத்தே நாளில் வந்தது.

"ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். வருஷத்துக்கு ஒருநாள் அவர் கடை திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டால், 'எங்களுக்கு வழி காட்டிக்கிட்டுப் போனவங்க அன்னைக்குத்தான் செத்தாங்க' என்பார். எதிரி விமானங்கள் துரத்த நீங்கள் மேகத்துக்குள் போனதைத்தான் பார்த்தாராம், வெளியே வந்ததைப் பார்க்கவில்லையாம். விசாரித்துப் பாருங்கள் என்று எத்தனையோ முறை சொன்னேன். மனிதர் கேட்கவில்லை. வாலில் இருந்த பையன், ரயிலடியில் வழியனுப்புகிற மாதிரி கை காட்டினான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்."

கார்டு அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். தெருவில் தெரிந்த முகம் எதுவும் இல்லை. உள்ளே வந்து, தூரத்தில் இருக்கும் மகளின் அலுவலகத்துக்குப் போன் போட்டார். அவராகக் கூப்பிடும் பழக்கமே இல்லாததால் அவள் பதறிப்போனாள்.

"அப்பா, என்னாச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா."

"அவசரமாப்பா? இங்க தலைக்கு மேல வேலை கிடக்கு. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நானே கூப்பிடட்டுமா?"

"அவசரம் ஒண்ணும் இல்லம்மா. நிதானமா கூப்பிடு."

போனை வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை அதன் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மணி அப்போது பதினொன்றுகூட ஆகவில்லை.